வயிறில்லா மாப்பிள்ளைக்கு வைத்த விருந்து

எங்கள் நாஞ்சில் நாட்டில் பந்தியில் உட்கார்ந்து 'போதும்' என்று சொன்னால் அதை யாரும் நம்புவதில்லை. இலைக்கு மேல் இரண்டு கைகளையும் விரித்துக் காவல் போட்டாலும், விரல் இடுக்கு வழியாக ஒரு கரண்டி பாயசம் இறங்கிவிடும். வீட்டுக்கு வந்தவர் மூச்சு முட்டி, பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு போனால்தான் நம் மரியாதை மிஞ்சும். நானும் அந்த ரத்தம்தான். பரிமாறுவதில் எனக்கு ஈடு கிடையாது என்று ஒரு காலத்தில் கர்வமே உண்டு. அந்தக் கர்வம் ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் உயிரை எடுக்கப் பார்த்ததைத்தான் இப்போது ஒப்புக்கொள்ளப் போகிறேன். அந்தப் பிள்ளைத்தாய்ச்சி ஓர் ஆண். (அவசரப்படாதீர்கள், வரிசையாகச் சொல்கிறேன்.)

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. எம்.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு, நாகர்கோவிலிலிருந்து அஞ்சுகிராமம் போகும் வழியில் உள்ள ஒரு கல்லூரியில் தற்காலிக ஆய்வக உதவியாளனாக இருந்தேன். குடுவை கழுவுவது, நுண்ணோக்கிக்கு உறை மாட்டுவது, மாணவர்கள் அறுத்துப் போட்ட தவளையை அப்புறப்படுத்துவது ஆகியவை என் ஆராய்ச்சிப் பணிகள். அம்மா மட்டும் தெருவில் 'மகன் காலேஜ்ல சயின்டிஸ்டு' என்று சொல்லி வைத்திருந்தாள். நான் திருத்தவில்லை. பெற்ற தாயைப் பொய்யாக்குவது பாவம் இல்லையா.

எங்கள் துறைத்தலைவியை எல்லோரும் மேடம் என்றே அழைப்போம். அவர் இரண்டு வருடம் வனத்துறைக்கு எழுதி எழுதி அனுமதி வாங்கி, ஒரு பொரிப்பகத்தில் பிறந்த கடல்குதிரை ஜோடி ஒன்றைத் துறைக்குக் கொண்டுவந்திருந்தார். கடல்குதிரையை ஆசைக்கு வாங்கி வீட்டில் வளர்க்கவெல்லாம் முடியாது. சட்டத்தில் புலி எந்தப் பட்டியலில் இருக்கிறதோ அதே பட்டியலில் இதுவும் இருக்கிறது. ஐந்து அங்குலப் புலி. காகிதத்தில் அவை 'ஆய்வு உயிரிகள்'. நடைமுறையில் மேடத்தின் செல்லப்பிள்ளைகள். காலையில் வந்ததும் அவர் தொட்டியைப் பார்த்துத்தான் 'குட்மார்னிங்' சொல்வார், எங்களைப் பார்த்து அல்ல.

ஆணுக்கு நான் 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தேன். நாள் முழுக்க ஒரு பிளாஸ்டிக் கொடியில் வாலைச் சுற்றிக்கொண்டு, வேலை எதுவும் செய்யாமல், சாப்பாடு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஜீவனுக்கு வேறென்ன பெயர் வைப்பது? கடல்குதிரைகளில் பெண் முட்டையை ஆணின் வயிற்றுப் பைக்குள் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். சுமப்பதும் பெறுவதும் ஆண். அந்த முறையில் மாப்பிள்ளைக்கு அப்போது நிறைமாதம்.

அந்தச் சமயம் பார்த்து மேடத்தின் மாமியாருக்குத் திருவனந்தபுரத்தில் கண் அறுவை சிகிச்சை. புதன்கிழமை சாயங்காலம் கிளம்பும்போது என்னைத் தொட்டியருகே நிறுத்திப் பாடம் எடுத்தார்.

"ராஜன், இதுக்கு வயிறு கிடையாது. பல்லும் கிடையாது. உறிஞ்சித் தின்னும், தின்னது சீக்கிரமா வெளிய போயிரும். அதனால கொஞ்சம் கொஞ்சமா, பல தடவை குடுக்கணும். குடுக்கது சத்துள்ளதா இருக்கணும். மிச்சம் கெடந்தா உடனே எடுத்திரணும். வெளங்குதா?"

"வெளங்குது மேடம்."

"நான் திங்கட்கிழமை வரும்போது அது உயிரோட இருக்கணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

அந்தப் பிரசவம் நல்லபடி நடந்தால் துறைக்கு ஒரு புது ஆய்வுத்திட்டம் கிடைக்கும், அதில் எனக்கு மூன்று வருட வேலை உண்டு என்று ஏற்கனவே சொல்லியிருந்தார். ஆக, என் எதிர்காலம் முழுக்க ஒரு மீனின் அடிவயிற்றில் இருந்தது.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மைசிஸ் என்ற பொடி இறாலைக் கட்டி கட்டியாக உறைய வைத்த பாக்கெட்டுகள் ஃப்ரீசர் நிறைய இருந்தன. ஒரு கட்டியை எடுத்து, உருகவிட்டு, கழுவி, சொட்டுக்குழாயால் மூக்கின் முன்னால் விட வேண்டும். ஒரு குழந்தைகூடச் செய்துவிடும். கொடுமை என்னவென்றால், மேடம் அதை ஒரு குழந்தையிடம் ஒப்படைக்காமல் என்னிடம் ஒப்படைத்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் கிரிக்கெட் ஆட்டம். என் செல்போனில் சார்ஜ் இல்லை. ஃபேனுக்கு அடியில் இருந்த நாற்காலிக்கு எட்டும் ஒரே பிளக்கில் ஃப்ரீசர் மாட்டியிருந்தது. அரைமணி நேரம் பிடுங்கினால் என்ன ஆகிவிடப் போகிறது என்று பிடுங்கினேன். ஆட்டம் கடைசி ஓவர் வரை போனது. நம் ஆட்கள் ஜெயித்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் போனைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆய்வகக் கதவைத் திறந்தபோதே வாடை வந்து வரவேற்றது. ஃப்ரீசருக்குள் பாக்கெட்டுகள் எல்லாம் இளகி, இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு குழம்பு நின்றது. அந்த நேரம் பார்த்து மேடத்தின் போன்.

"சாப்பிட்டுதா?"

"நல்லா சாப்பிட்டுது மேடம்."

"எத்தனை கட்டி போட்டே?"

"ரெண்டு மேடம்." (குழம்பை எந்தக் கணக்கில் சேர்ப்பது?)

உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் யாரிடமாவது சொல்லி அன்றைக்கே வேறு பாக்கெட் வரவழைத்திருப்பார். ஆனால் நான் கடலோர மாவட்டத்துக்காரன், போதாக்குறைக்கு விலங்கியல் முதுகலை. மீனுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா என்று தோன்றிவிட்டது.

முதலில் அலமாரியில் இருந்த ஆர்டீமியா முட்டைப் புட்டியை எடுத்தேன். உப்புத் தண்ணீரில் போட்டால் ஒரு நாளில் பொரிந்து உயிருள்ள பூச்சிகளாக நீந்தும். ஒரு பெரிய ஜாடியில் தாராளமாகக் கொட்டிக் காற்றுக்குழாய் போட்டேன். கொட்டிய பிறகுதான் புத்தகத்தைப் பார்த்தேன். பொரிந்த குஞ்சு கடல்குதிரைக் குட்டிகளுக்குத்தான் லாயக்கு, வளர்ந்ததற்குக் காணாது என்று இருந்தது. பட்டினி கிடக்கும் ஆளுக்கு ஒரு எள்ளை எடுத்து நீட்டுவது மாதிரி. ஜாடியை மூலையில் தள்ளிவிட்டேன்.

அடுத்து, வீட்டில் துவையலுக்கு வைத்திருந்த காய்ந்த கூனியில் ஒரு பிடி. இறால் வகைதானே, என்ன பெரிய வித்தியாசம்? நன்றாகப் பொடித்துத் தூவினேன். மாப்பிள்ளை நகரவில்லை. கடல்குதிரையின் இரண்டு கண்களும் தனித்தனியாகத் திரும்பும். ஒரு கண்ணால் கூனியைப் பார்த்தது. இன்னொரு கண்ணால் என்னைப் பார்த்தது. இத்தனை அலட்சியமாக என்னை யாரும் பார்த்ததில்லை, அத்தனை பெண்பார்க்கும் படலங்களுக்குப் பிறகும் இதைச் சொல்கிறேன். மிதந்த கூனியை வலையால் வாரி எடுக்கவே எனக்கு மத்தியானம் ஆகிவிட்டது.

வீட்டிலும் அப்போது பேச்சு முழுக்கப் பிள்ளைப்பேறுதான். அஞ்சுகிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்த என் அக்காவுக்கு ஏழாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்குள் பலகாரத்தோடு போய் இறங்கி, அவளை அழைத்து வர வேண்டும். அக்காவின் மாமியார் நேரம் என்றால் நேரம் என்று இருப்பவர். அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. முற்றத்தில் முந்திரிக்கொத்து பொரிந்துகொண்டிருந்தது. நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நுழைந்ததும் அம்மா கேட்டாள்.

"என்னலே, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"ஒரு கடல்குதிர திங்க மாட்டேங்குதும்மா. வயித்துல பிள்ள இருக்கு."

"பாவம், பொம்பள ஜென்மம். வாய்க்குப் பிடிச்சிருக்காது."

"பொம்பள இல்ல. ஆம்பிள."

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். பத்து நிமிடத்தில் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. அடுத்த வீட்டுத் தங்கம் சித்தி மதில் வழியாக எட்டிப் பார்த்து, "மசக்கையெல்லாம் உண்டா மக்கா அவனுக்கு?" என்று விசாரித்தாள்.

உருப்படியான யோசனை சொன்னது, எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் ஞானம் அக்கா ஒருத்திதான். அவள் மணக்குடிக்காரி.

"அது காஞ்சதத் திங்காது மக்கா. ஒங்க அப்பாவப் போல இல்ல, கருவாடு குடுத்தாலும் தின்னுட்டு எந்திரிச்சுப் போறதுக்கு. கண்ணு முன்னால துள்ளணும். காயல் கரையில புல்லு கெடக்கும் பாரு, அதுக்குள்ள துணியப் போட்டு வாரு. பொடிக்கூனி உயிரோட கிட்டும்."

சனிக்கிழமை காலை மணக்குடிக் காயலில் முழங்கால் தண்ணீரில் நின்றேன். துணி என்று கையில் கிடைத்தது அப்பாவின் கல்யாண வேட்டி. இரண்டு முனைகளைக் கையில் பிடித்து, புல்லுக்குள் இழுத்து வாரியபோது, முதலில் சேறு வந்தது, பிறகு ஒரு நண்டு வந்து என் பெருவிரலை விசாரித்துவிட்டுப் போனது, மூன்றாவது இழுப்பில் கண்ணாடி போன்ற பொடிக்கூனிகள் நூற்றுக்கணக்கில் துள்ளின. நான் தனியாக நின்று சிரித்தேன். அரை வாளி சேர்ந்ததும் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் வாளிக்குள் குனிந்து பார்த்தார். பிறகு என் சேறு படிந்த காலைப் பார்த்தார்.

"கொழம்புக்கா மக்கா?"

"இல்லம்மா, சும்மா."

"இது ஒரு ஆளுக்கே காணாதே. வீட்டுல ரொம்ப கஷ்டமா?" என்று கேட்டு, தன் பையிலிருந்து இரண்டு ஏத்தன்பழத்தை எடுத்து என் மடியில் வைத்துவிட்டார். நான் வாங்கிக்கொண்டேன். பசியும் இருந்தது.

ஆய்வகத்தில் ஒரு டிரம்மில் இருப்பு வைத்திருந்த நல்ல கடல்தண்ணீரை எடுத்து, கூனியின் சேற்றைக் கழுவினேன். (வேட்டியின் சேற்றையும் அதில்தான் கழுவினேன். அந்தத் தண்ணீர் அவசரத்துக்கானது என்று டிரம்மிலேயே எழுதியிருந்தது.) பத்துக் கூனியைத் தொட்டியில் விட்டேன். மாப்பிள்ளையின் ஒரு கண் திரும்பியது. இன்னொரு கண்ணும் திரும்பியது. கொடியிலிருந்து வாலை அவிழ்த்துக்கொண்டு மெல்ல நகர்ந்து, தலையைச் சாய்த்துக் குறி பார்த்து, 'டொக்' என்று ஒரு சத்தம். கூனியைக் காணோம். கடல்குதிரை தின்னும்போது அப்படிச் சத்தம் வரும், கண்ணாடிக்கு வெளியே கேட்கும். டொக். டொக். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதோடு நிறுத்தியிருந்தால் நான் நல்ல விலங்கியல்காரன்.

நிறுத்த முடியவில்லை. இரண்டு நாள் பட்டினி கிடந்த மாப்பிள்ளை, அதுவும் வாயும் வயிறுமாக. பத்து தின்றதும் இன்னும் பத்து விட்டேன். அது திரும்பிக் கொடியைப் பிடித்துக்கொண்டபோது, கூச்சப்படுகிறது என்று நினைத்து இன்னும் ஒரு கை விட்டேன். பிறகு புத்தகத்தை எடுத்துப் படித்தேன். உயிர் இரையை அப்படியே கொடுப்பதைவிட, அதற்கு முன்னால் அந்த இரைக்கே மீனெண்ணெயும் முட்டைக்கருவும் கலந்த சத்துநீரைக் கொடுத்து, ஓர் இரவு வைத்திருந்து, பிறகு கொடுப்பது நல்லது என்று இருந்தது. கூனி சத்தைத் தின்னும், கூனியை மாப்பிள்ளை தின்னும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. விருந்தாளிக்கு வைக்கும் கோழிக்கே விருந்து வைப்பது மாதிரி.

'ஒரு சில துளிகள்' என்று புத்தகத்தில் இருந்தது. துளி என்ற அளவு எங்கள் வீட்டுச் சமையலில் கிடையாது. அக்காவுக்காக அம்மா வாங்கி வைத்திருந்த மீனெண்ணெய் மாத்திரைகளில் பன்னிரண்டை எடுத்து ஊசியால் குத்திப் பிழிந்தேன். மூன்று முட்டைகளை உடைத்து அடித்து ஊற்றினேன். காற்றுக்குழாயைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

'கொடுப்பதற்கு முன் இரையை நல்ல தண்ணீரில் நன்கு கழுவவும்' என்று அடுத்த பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அதையும் நான் படித்தேன். படித்துவிட்டுத்தான் நிராகரித்தேன். எங்கள் வீட்டில் சோறு வடித்த கஞ்சியை யாராவது வெளியே கொட்டினால் அம்மா அன்றைக்கு முழுக்கப் பேச மாட்டாள். சத்தெல்லாம் அந்தத் தண்ணீரில்தானே இருக்கிறது. அதைக் கழுவிக் கொட்டச் சொல்கிறவனுக்குச் சமையல் தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு வாளியைத் தூக்கி, கூனி, முட்டை, எண்ணெய் எல்லாவற்றையும் சேர்த்து அப்படியே தொட்டிக்குள் கவிழ்த்தேன்.

தொட்டி பால் போல ஆனது. மேலே எண்ணெய் வட்ட வட்டமாகப் பரவியது. முன்தினம் தின்னாமல் விட்ட கூனிகள் வேறு அடியில் செத்துக் கிடந்து, கலங்கி மேலே வந்தன. வடிகட்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. பால் நடுவே மாப்பிள்ளை தெரிந்தது. கொடியை விட்டுவிட்டு, பக்கவாட்டில் சாய்ந்து, வேக வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பயத்தில் நான் செய்த முதல் காரியம், தொட்டியின் கண்ணாடியை வெளியே துடைத்தது. டிரம்முக்கு ஓடினேன். அடியில் அரை வாளித் தண்ணீர் மிச்சம் இருந்தது. மாப்பிள்ளையையும் அதன் ஜோடியையும் அதற்கு மாற்றினேன். அந்தத் தண்ணீர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. 'செத்துராதே மாப்ளே, செத்துராதே' என்று நான் சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாசலில் வேன் வந்து நின்றது. அஞ்சுகிராமம் போகும் வழியில் என்னை ஏற்றிக்கொள்வதாகப் பேச்சு. பிறக்கப் போகும் குழந்தைக்குத் தாய்மாமன் நான்தானே, நான் இல்லாமல் எப்படிப் போவது? பட்டுச்சேலை கட்டிய பதினோரு பெண்கள் இறங்கினார்கள். என்னைக் கூப்பிட ஒருத்தி வந்தால் போதும். பதினோரு பேரும் மாடி ஏறியது புள்ளத்தாச்சி ஆம்பிளையைப் பார்க்க. வெறுங்கையோடு பார்க்கக்கூடாது என்று தங்கம் சித்தி ஒரு தட்டில் முந்திரிக்கொத்தும் கொண்டுவந்தாள்.

அம்மா தொட்டியைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். முட்டை ஓடுகளையும் பார்த்தாள்.

"என்னலே செஞ்சு வச்சிருக்கே?"

"சத்துக்குக் குடுத்தேம்மா."

"சீவன் போகுது, நின்னுட்டு சத்தாம் சத்து. தண்ணி வேணுமா அதுக்கு?"

"கடல்தண்ணி வேணும். நெறைய வேணும்."

அம்மா நேரம் கேட்கவில்லை, சம்பந்தி வீட்டை நினைக்கவில்லை. வேனில் இருந்த பலகாரப் பேசின்களை மேலே கொண்டுவரச் சொன்னாள். பித்தளைப் பாத்திரம் ஆகாது, அதிலுள்ள செம்பு மீனுக்கு விஷம், பிளாஸ்டிக் பேசின்தான் வேண்டும் என்று நான் சொன்னேன். (அந்த வாரம் முழுக்க நான் சொன்ன ஒரே சரியான விஷயம் அது.) அச்சுமுறுக்கு, தேன்குழல், முந்திரிக்கொத்து எல்லாவற்றையும் அங்கே கிடந்த வெள்ளைத் தட்டுகளில் கொட்டினார்கள். அவை மாணவர்கள் தவளை அறுக்கும் தட்டுகள். இந்தச் செய்தி இன்றுவரை அஞ்சுகிராமத்துக்குப் போகவில்லை.

பேசின்களைக் கழுவி எடுத்துக்கொண்டு வேன் மணக்குடிக் கடற்கரைக்குப் பறந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை கடற்கரையில் நின்றவர்கள் அந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். பட்டுச்சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலை நிறைய பூவோடு, நான்கு பெண்கள் அலைக்குள் இறங்கிப் பேசினில் தண்ணீர் மொண்டார்கள். "என்ன நேர்ச்சையா?" என்று ஒருவர் கேட்டார். "பேறுகாலம்" என்றாள் அம்மா.

திரும்பி வந்து, தண்ணீரை அப்பாவின் அதே வேட்டியில் வடிகட்டி, பெரிய பேசினில் ஊற்றி, காற்றுக்குழாயைப் போட்டு இரண்டையும் விட்டேன். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் அடியில் கிடந்தது. பிறகு நிமிர்ந்தது. சித்தியின் கையிலிருந்து நழுவிய ஒரு கண்ணாடி வளையல் பேசினுக்குள் கிடந்தது. வாலை அதில் சுற்றிக்கொண்டு நின்றது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் உடம்பு வளைந்தது. முன்னால் மடங்கியது, பின்னால் நிமிர்ந்தது, மறுபடி மடங்கியது. பதினோரு பெண்களும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"வலி கண்டாச்சு" என்றாள் அம்மா. "லே, நீ வெளிய போ. ஆம்பிளைக்கு இங்க என்ன வேல?"

"அதுவும் ஆம்பிளதாம்மா."

"அப்பம் நில்லு."

என் போன் அடித்தது. என் கை ஈரம். தங்கம் சித்தி எடுத்துவிட்டாள். மேடம், வீடியோ அழைப்பில். தொட்டி இருக்க வேண்டிய இடத்தில் மேடம் பார்த்தது மல்லிகைப்பூவையும் பட்டுச்சேலையையும்.

"யாரு நீங்க? அங்க என்ன கல்யாணமா?"

"டாக்டரம்மாவா? பயப்படாதீங்க. நாங்க பதினொரு பேரு இருக்கோம். ஒங்க புள்ளைக்கு வலி கண்டிருக்கு."

போன் என் பக்கம் திரும்பியது. இனி மறைக்க எதுவும் இல்லை. பிளக், கிரிக்கெட், குழம்பு, கூனி, வேட்டி, மாத்திரை, முட்டை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். மேடம் அதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"முட்டையா? எத்தனை?"

"மூணு மேடம்."

"மஞ்சள்கரு மட்டுமா?"

"வெள்ளையும்தான் மேடம்."

அதற்குள் பேசினில் ஒரு புகை எழுந்தது மாதிரி இருந்தது. புகை இல்லை, குட்டிகள். சீரகம் அளவில், ஆனால் தலை, மூக்கு, வால் எல்லாம் உள்ள முழுக் கடல்குதிரைகள், நிமிர்ந்து நின்றபடியே மேலே வந்தன. மாப்பிள்ளை மடங்கி நிமிரும்போதெல்லாம் ஒரு கூட்டம் வந்தது. முதலில் தங்கம் சித்திதான் குரவை போட்டாள். பிறகு பதினோரு பேரும் போட்டார்கள். விலங்கியல் துறையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. நான் அழுதேன், மறைக்காமலே அழுதேன். போனில் மேடம் மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது.

"ராஜன், அழுதது போதும். குட்டிக்கு இப்ப என்ன குடுப்பே? அதுக்கு ஒரு மணி நேரத்துல பசிக்கும்."

நான் மூலையைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை அவசரத்தில் கொட்டி, உதவாது என்று தள்ளிவிட்ட ஆர்டீமியா ஜாடியில், பொடிக் குஞ்சுகள் ஆரஞ்சு நிறத்தில் நீந்திக்கொண்டிருந்தன. பெரியதற்குக் காணாது, குட்டிகளுக்குத்தான் லாயக்கு. என் முட்டாள்தனங்களில் ஒன்றையாவது தின்ன அன்றைக்கு ஆள் இருந்தது.

"கழுவிக் குடு" என்றார் மேடம். "கழுவி."

நாங்கள் அஞ்சுகிராமம் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றே கால். அக்கா வாசலில் அழுத முகத்தோடு நின்றாள். அத்தை படியில் நின்றார். பேசின் இல்லாமல் போனதால், முந்திரிக்கொத்தும் முறுக்கும் தவளைத் தட்டுகளில் இருந்தன. பெண்களின் சேலைக்கரையில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. என்னிடம் முட்டை நாற்றம் அடித்தது.

"மைனி, மன்னிக்கணும்" என்றாள் அம்மா. "வர்ற வழியில ஒரு பேறுகாலம்."

அத்தையின் முகம் இளகியது. "அடடா. யாருக்கு? தெரிஞ்ச பிள்ளையா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். தங்கம் சித்திக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு ஆம்பிளைக்கு" என்றாள்.

அத்தை எங்கள் பதினோரு பட்டுச்சேலைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "தகப்பனும் பிள்ளையும் சுகமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே வழிவிட்டார். அக்காவை அன்றே அழைத்து வந்தோம்.

மாப்பிள்ளை பிழைத்துக்கொண்டது. முந்நூறுக்கு மேல் பிறந்த குட்டிகளில் நாற்பதுக்குக் கொஞ்சம் அதிகம் தேறின. அது நல்ல கணக்கு என்றார் மேடம். ஆய்வுத்திட்டம் வந்தது, எனக்கு மூன்று வருட வேலையும் வந்தது. என் பணி ஆணையில், பொறுப்புகள் என்ற தலைப்பின் கீழ், 'உணவு வழங்குதல் நீங்கலாக' என்று ஒரு வரியை மேடம் தன் கையால் எழுதிச் சேர்த்திருந்தார். மூன்று வருடம் நான் உப்பளவு பார்த்தேன், கண்ணாடி துடைத்தேன். தொட்டியருகே கையை உயர்த்தினால்கூட இரண்டு மாணவிகள் எழுந்து நிற்பார்கள்.

அஞ்சுகிராமத்தில் இந்தக் கதை இப்போதும் ஓடுகிறது. எங்கள் வீட்டிலிருந்து யார் எந்த விசேஷத்துக்குத் தாமதமாகப் போனாலும், "வழியில எந்த ஆம்பிளைக்குப் பேறுகாலம்?" என்றுதான் கேட்பார்கள். அத்தை மட்டும் அதைக் கேட்டதில்லை. அவருக்கு என்மேல் இரக்கம் என்று பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் எனக்கு மகன் பிறந்தான். பிரசவ வார்டில், என் மனைவி கட்டிலில் படுத்திருந்தாள், பக்கத்து நாற்காலியில் நான் தூக்கமில்லாமல் சரிந்து கிடந்தேன். அத்தை கருப்பட்டி போட்டுக் கிளறிய பேறுகால மருந்தை உருண்டை பிடித்து, ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு, அஞ்சுகிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். என் மனைவி மரியாதையாகக் கையை நீட்டினாள். அத்தை அவளைக் கடந்து வந்து, டப்பாவைத் திறந்து, பெரிய உருண்டையாகப் பார்த்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"தின்னு மக்கா. பெத்த ஒடம்பு" என்றார்.

அவர் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.